காரைக்குடி ஃபராயிள் வகுப்பு: சேர்க்கலாமா?

காரைக்குடியில் ஞாயிறு காலையில் நடக்கும் இந்த வகுப்பில் வாரிசுப் பங்கீட்டுச் சட்டமான ஃபராயிளைப் பள்ளிக் கணக்கோடு சேர்த்தே நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். பின்னக் கணக்கு மட்டும் தடுமாறாமல் வர வேண்டும்.

இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் ஜனாஸா (அடக்கச்) செலவு, அடுத்து கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் (உயில்). மிஞ்சியதுதான் பங்குக்கு வரும். மனைவிக்குக் கணவர் கொடுக்காமல் நிற்கும் மஹரும் (மணக்கொடை) கடன்தான். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பள்ளிக் கணக்கில் மொத்தத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே அதையே கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு பயிற்சி: 60 சென்ட் மனை. இறந்தவருக்கு மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகள். தகப்பனார் முன்பே காலமானவர். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. மீச்சிறு பொது மடங்கு 24. அதில் 3ம் 4ம் போக 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்றால் ஐந்து பாகம். 17 ஐந்தால் வகுபடாது, அதனால் 24 என்பது 120 ஆகிறது. மனைவிக்கு 7.5 சென்ட், தாய்க்கு 10, மகன்களுக்கு 17, 17, மகளுக்கு 8.5. கூட்டிப் பார்த்து 60 வந்த பிறகுதான் அடுத்த கணக்கு.

வகுப்பின் உயிர் ‘அவ்ல்’ பாடம், அதாவது பங்குகளின் கூட்டல் ஒன்றைத் தாண்டும்போது எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பது. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசு என்றால் 1/2ம் 2/3ம் சேர்ந்து 7/6. சொத்தைவிடப் பங்கு பெரிது! பகுதியை 7 ஆக உயர்த்தி 3/7, 4/7 என்று கொடுப்பதே பெரும்பான்மை வழி. நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை ஏற்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லித்தருகிறார் வகுப்பை நடத்தும் ஹஜ்ரத். கேள்வி கேட்கும் பிள்ளையை அவர் அடக்குவதில்லை. இதுவே பெரிய விஷயம்.

அல்ஜீப்ராவும் இப்படித்தான் உள்ளே வருகிறது. 9ம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலில் ஏறத்தாழப் பாதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகள்தாம். மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று பிரித்துப் பேசுபவர்கள் இந்த ஒரு பாடத்துக்காவது வந்து உட்கார வேண்டும்.

குறை ஒன்று உண்டு. நாட்டுச் சட்டத்தைத் தொடுவதே இல்லை. 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. 1949ல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை எடுத்தது. செட்டிநாட்டில் வயலும் கண்மாய்ப் பாசனமும் உள்ள குடும்பங்களுக்கு இது தெரியாமல் முடியாது. வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாறுதல் எதுவும் பாடத்தில் இல்லை. ஒரு பத்திர எழுத்தரை அழைத்து ஒரு ஞாயிறு கூடுதலாக நடத்தினால் போதும்.