மான் வேட்டைப் பரணில் எந்தக் கேமரா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டையின் துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 அன்று தொடங்கும். கிழமை எதுவானாலும் தேதி மாறாது. 30 வரை நடக்கும். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்ப்பவர்களில் ஒரு பெரிய கூட்டம் அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மாக்கினா பாலத்தைத் தாண்டி, மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்துக் காடுகளுக்குப் போய்விடும். அவர்களோடு சேர்ந்து போகத் தொடங்கியிருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கேமராவும் கொண்டு போகலாமா? எதைக் கொண்டு போறது?"

தாராளமாகக் கொண்டு போங்கள். ஆனால் படத்தின் தரத்தை மட்டும் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மரத்தின் மேல் கட்டிய பரணில் உங்கள் இரண்டு கைகளும் முதலில் துப்பாக்கிக்குச் சொந்தம். கையுறை போட்ட ஒரு கையால், சத்தமில்லாமல் எடுத்து, அதேபோலச் சத்தமில்லாமல் மடியில் வைக்க முடிகிற கேமராதான் அங்கே உதவும். என் கணக்கில் இந்த வேலைக்கு நான்கு வழிகள் உண்டு: பைனாகுலரோடு சேர்த்த கைப்பேசி, லென்ஸ் கழற்ற முடியாத நீள் ஜூம் கேமரா, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவோடு தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ், மரத்தில் கட்டிவிட்டு வரும் ட்ரெயில் கேமரா.

முதலில் பொழுதைப் புரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் நடுவில் அங்கே பகல் சுமார் ஒன்பதரை மணி நேரம்தான். சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி வரை சுடலாம். வெள்ளைவால் மான் அதிகம் நடமாடுவது அந்த இரு முனைகளிலும்தான். வெளிச்சம் மிக மோசமாக இருப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் எந்தக் கேமராவும் நல்ல படம் தராது. ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ அளவை 12800-க்கு ஏற்றினாலும் மண் நிறத்தில் ஓர் உருவம்தான் கிடைக்கும். அதனால் முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் கேமரா பைக்குள் இருக்கட்டும். துப்பாக்கியா கேமராவா என்ற தடுமாற்றம் வரவே கூடாத நேரம் அது.

நடுப்பகல்தான் கேமராவுக்கான நேரம். பத்து மணிக்கு மேல் பெரும்பாலான வேட்டைக்காரர்கள் சூப் குடிக்க இறங்கிப் போய்விடுவார்கள். உட்கார்ந்தே இருப்பவருக்குக் காடு தன்னைக் காட்டும். கருந்தொப்பி சிக்கடீ குருவி கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து உட்காரும். செந்நிற அணில் பரணுக்குக் கீழே நின்று திட்டித் தீர்க்கும். கனடா ஜே என்னும் சாம்பல் நிறப் பறவை, பைலியேட்டட் மரங்கொத்தி, க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழி, அதிர்ஷ்டம் இருந்தால் ஃபிஷர் என்னும் மரநாய் இனம். பனிக்கால வெள்ளைக்கு மாறத் தொடங்கிய ஸ்னோஷூ முயல், பனி விழாத ஆண்டில், பழுப்புச் சருகுகளின் நடுவே பளிச்சென்று தெரியும்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசு பதறும். இவை எல்லாமே சின்ன விலங்குகள், வேகமானவை. மானை மட்டும் நினைத்துக் கேமரா வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, கைப்பேசியிலிருந்து தொடங்குவோம். வேட்டைக்காரர் மார்பில் எப்படியும் 10x42 பைனாகுலர் ஒன்று தொங்கும். அதன் கண்வில்லையில் கைப்பேசியைப் பொருத்த ஒரு சிறு அடாப்டர் போதும். லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவு நெருங்கித் தெரியும். 26 மி.மீ. அளவுள்ள முதன்மைக் கேமரா, பத்து மடங்குப் பைனாகுலர் வழியே 260 மி.மீ. லென்ஸ் போல ஆகிவிடும். நாற்பது கெஜத்தில் நின்று மேயும் பெட்டைமானுக்கு இது தாராளம். பெரிய செலவும் இல்லை, கூடுதல் சுமையும் இல்லை. ஆனால் இதைப் பிடிக்க இரண்டு கைகள் வேண்டும். திரையின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். சாதாரணக் கையுறையில் தொடுதிரை கேட்காது, ஒலிப் பொத்தானை அழுத்தித்தான் எடுக்க வேண்டும். கிளைக்குக் கிளை தாவும் குருவியை இதில் பிடிப்பது நடக்காத காரியம். காலடித் தடம், உறைபனி படிந்த சருகு, கூட வந்தவர்களின் முகம் போன்றவற்றுக்குக் கைப்பேசியே போதும். வேறு கேமரா இருந்தாலும் நான் அவற்றுக்குக் கைப்பேசியைத்தான் எடுப்பேன்.

உண்மையான போட்டி நடுவில் உள்ள இரண்டுக்கும்தான். ஒரு பக்கம் சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல்: 2017-இல் வந்தது, சுமார் 1.1 கிலோ, 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 24 முதல் 600 மி.மீ. வரைக்குச் சமமான ஜூம், படத்தைப் பதியும் சென்சார் ஓர் அங்குல வகை. இன்னொரு பக்கம் கேனான் ஆர்7 உடலும் ஆர்எஃப் 100-400 லென்ஸும்: இரண்டும் சேர்ந்து சுமார் 1.25 கிலோ, அதே கணக்கில் 160 முதல் 640 மி.மீ. வரைக்குச் சமம், சென்சாரும் பெரியது.

பெரிய சென்சார் என்றால் மங்கிய வெளிச்சத்தில் நல்ல படம் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அது முழு உண்மை இல்லை. சோனியின் லென்ஸ் முழு நீட்டத்தில் உண்மையில் 220 மி.மீ.; அதிலும் எஃப் 4 திறப்பு கிடைக்கிறது. லென்ஸின் மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும்: 220-ஐ 4-ஆல் வகுத்தால் 55 மி.மீ. கேனான் லென்ஸ் 400 மி.மீ.-இல் எஃப் 8. வகுத்தால் 50 மி.மீ. ஒரே தூரத்திலிருந்து ஒரே அளவு மானை எடுக்கும்போது உள்ளே வரும் ஒளி கிட்டத்தட்ட சமம், சோனியில் ஒரு துளி அதிகம்கூட. பெரிய சென்சாரின் லாபத்தை இருட்டான லென்ஸ் தின்றுவிடுகிறது. நவம்பர் மாத மேல் தீபகற்பத்தின் சாம்பல் வானத்தின் கீழ் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

கேனான் ஜெயிக்கும் இடம் வேறு. விலங்கைத் தானே கண்டுபிடித்து, அது நகர நகரக் குவியத்தைப் பிடித்து வைப்பதில் ஆர்7 தெளிவாக முன்னால் நிற்கிறது. குறுக்கே சுள்ளிகள் நிறைந்த காட்டில் அது பெரிய உதவி. பின்னாளில் லென்ஸை மாற்றி வளரவும் வழி உண்டு. ஆனால் அதன் மெக்கானிக்கல் ஷட்டர் சத்தம் போடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து பதியும். சோனியின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. இன்னொன்று: நூறு கெஜத்தில் தெரிந்த மான் பத்து நிமிடத்தில் பரணுக்கு நேர் கீழே வந்து நிற்கும். அப்போது 160-இல் தொடங்கும் லென்ஸில் காதும் மூக்கும்தான் அடங்கும். 24 வரை இறங்கும் கேமராவில் மானும் அது நிற்கும் காடும் சேர்ந்து விழும். பரணுக்கு என் ஓட்டு சோனிக்கே.

நிக்கான் பி950-இன் 2000 மி.மீ. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சார் விரல் நகத்தைவிடச் சின்னது. வெயிலில் ஏரிமேல் உட்கார்ந்த கழுகுக்குச் சரி, காட்டு நிழலுக்குச் சரிவராது. சோனியின் 200-600 போன்ற பெரிய லென்ஸ் மேற்சொன்ன எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். அதன் வாய் 95 மி.மீ. அகலம். ஆனால் லென்ஸ் மட்டுமே 2 கிலோவுக்கு மேல். தரையில் அமைத்த கூண்டு மறைவில் முக்காலியோடு உட்காருபவருக்கு அது பொருந்தும். மரத்தில் இருபது அடி உயரத்தில், பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு, துப்பாக்கியும் வைத்திருப்பவருக்கு வேண்டாம்.

வில் பருவம் என்றால் விடையில் ஒரு மாற்றம் உண்டு. அது அக்டோபர் 1-இலேயே தொடங்கிவிடும். இலைகள் நிறம் மாறியிருக்கும், வெளிச்சமும் அதிகம். நவம்பர் முதல் பாதியில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருப்பதால் கிடா மான் பட்டப்பகலிலும் அலையும். படம் எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் வில்லுக்கு மான் இருபது முப்பது கெஜத்துக்குள் வந்தாக வேண்டும். அந்தத் தூரத்தில் ஷட்டரின் சிறு சத்தம்கூட அதற்குக் கேட்கும். 600 மி.மீ. தேவையில்லை, மௌனம்தான் தேவை. ஆர்7 வைத்திருப்பவர்கள் கூச்சமில்லாமல் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறிக்கொள்ளலாம், நிற்கும் மானுக்கு அது ஒன்றும் செய்யாது. எந்தக் கேமராவானாலும் குவிய ஒலியையும் உதவி விளக்கையும் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் சிலவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விலங்கு என்னவென்று பார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிதொலைநோக்கியான ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். அசைவது மனிதராகவும் இருக்கலாம், பார்க்கப் பைனாகுலர் இருக்கிறது. குண்டு நீக்கிய துப்பாக்கியையும் கேமராப் பையையும் மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். கேமரா வார் கழுத்தில் தொங்கினால் துப்பாக்கியைத் தோளில் பொருத்தும்போது சிக்கும், அதனால் இடுப்புப் பையே நல்லது. துப்பாக்கி இல்லாமல் கேமராவோடு மட்டும் கூட வருபவரும் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போட்டே ஆகவேண்டும். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோலப் பளிச்சென்று தெரியாது, படம் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். அப்புறம், மாற்று பேட்டரி உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். கூடாரத்துக்குத் திரும்பியதும் கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பிறகு உள்ளே கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியாது.

ட்ரெயில் கேமராவை இவற்றோடு ஒரே தட்டில் நிறுக்க முடியாது. அது நீங்கள் இல்லாதபோது பார்க்கும் கண். அதற்கு அந்த மண்ணிலேயே பெருமைக்குரிய முன்னோடி உண்டு. பென்சில்வேனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன ஜார்ஜ் ஷைராஸ், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய காட்டில் இளவயது முதலே மான் வேட்டையாடியவர். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். இரவில் படகின் முன்னால் விளக்கு வைத்து மானை நெருங்கும் ஓஜிப்வே மக்களின் வேட்டை முறையைப் படமெடுக்கப் பயன்படுத்தினார். விலங்கே கம்பியை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் பொறியையும் அமைத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

இன்றைய ட்ரெயில் கேமரா உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும். இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர் அலைநீள வகை தூரம் போகும், ஆனால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, படம் கொஞ்சம் இருட்டு. குளிருக்கு லித்தியம் ஏஏ பேட்டரிகளே தாங்கும். வடக்குப் பார்த்துக் கட்டினால் சூரியன் நேராக அடிக்காது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்கு உதவியாக இதைப் பயன்படுத்தவே தடை.

இதை வைக்க நான் பரிந்துரைக்கும் இடம் மான் நடக்கும் தடம் அல்ல, நீங்கள் சுட்ட மானின் குடலை எடுத்துப் போட்ட இடம். முதலில் கனடா ஜேயும் காக்கையினத்துப் பெரிய ரேவனும் வரும், பின்னால் கழுகு, இரவில் நரி, ஓநாய்க்கு உறவான கொய்யோட்டி, ஃபிஷர். காணொளி முறையில், பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பனிக்கு மேலே நிற்கும் உயரத்தில் கட்டுங்கள். அங்கே வைப்பதாக இருந்தால் ஈயக் குண்டு வேண்டாம், செம்புக் குண்டு வாங்குங்கள். ஈயம் மான் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். குடலோடு அதை விழுங்கும் வெண்தலைக் கழுகு நஞ்சேறிச் சாகும்.