திருகோணமலை வெயிலில் வெசல்: உள்ளே நாள்பட எப்படி?

ஜப்பானில் 2013 டிசம்பரில் அறிமுகமான முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காரைப் பற்றியது இது. வாங்கப் போகிறவரை மயக்குவது பளபளக்கும் கறுப்புப் பேனலும், விரல் பட்டால் வேலை செய்யும் ஏசி சுவிட்சும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆனி, ஆடியில் இந்த ஊரில் ஓட்டிப் பார்த்தால், உள்ளே சொகுசு என்பது முக்கால்வாசி ஏசிதான் என்று விளங்கும்.

ஏசிக் காஸை அழுத்திச் சுற்றவிடும் இதன் கம்பிரசருக்கு எஞ்சின் பெல்ட் கிடையாது. ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தில் சுற்றுகிறது. கோணேசர் கோயிலடியில் ஆட்களை ஏற்றக் காத்து நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்தாலும் குளிர் ஓயாது. பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக எழும்பும். இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏசிக்குக் காஸ் அடிக்கக் கொடுக்கும்போது அதோடு என்ன கம்பிரசர் எண்ணெய் ஏற்றுகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். மின் கம்பிரசருக்குப் பிஓஈ (POE) வகை எண்ணெய்தான் வேண்டும். பெல்ட் கம்பிரசருக்கு ஊற்றும் பிஏஜி (PAG) எண்ணெய் கலந்தால் உள்ளிருக்கும் மோட்டார்க் கம்பிச்சுருளின் மின்காப்புக் கெட்டு, கம்பிரசரையே மாற்ற வேண்டிவரும். காஸ் மெசினின் குழாயில் முந்திய வாகனத்து எண்ணெய் மிஞ்சியிருந்தாலும் ஆபத்துத்தான். மலிவாக அடித்துத் தருகிறோம் என்றால் யோசியுங்கள்.

குளிர் குறைந்தால் உடனே காஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் குளோவ் பொக்ஸைக் கழற்றி, பின்னால் உள்ள, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் பில்டரை இழுத்துப் பாருங்கள். உப்பும் புழுதியும் சேர்ந்து அது அட்டை மாதிரி இறுகியிருக்கும். ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது இந்த ஊருக்குச் சரி. புதியதைப் போடும்போது விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். அடுத்தது முன்னால் உள்ள, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். கடலோரக் காற்றில் அதன் தகடுகளில் உப்புப் படியும். சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். சேர்விஸ் ஸ்டேசன் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்து காற்றே புகாது.

இடது முன்சீற்றுக் கால்விரிப்பு ஈரமாக இருந்தால், மாரி காலமென்றால் மழை ஒழுக்கு என்று நினைப்போம். கோடையிலும் நனைந்தால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. ஏசி ஓடிக்கொண்டிருக்க, கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தாலே தெரியும். ஈரத்தைச் சும்மா விட்டால் கம்பளம் நாறும், அடியில் கறள் பிடிக்கும். ஏசி போட்டதும் புளித்த மணம் வந்தால், வீடு சேர ஐந்து நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பழகுங்கள். வாசனைப் போத்தல் தொங்கவிடுவது மணத்தை மறைக்கும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது.

பின்சீற்றுக்குத் தனிக் காற்றுத் துவாரம் இல்லை. நடுத் துவாரத்தை மேல்நோக்கித் திருப்பி, ஃபேனை ஒரு படி கூட்டினால் காற்று முன்சீற்றுகளின் இடையால் பின்னால் போகும். பின்கதவின் பிடி கண்ணாடிச் சட்டத்தோடு ஒளிந்து உயரத்தில் இருக்கிறது. பார்க்க வடிவு, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது.

எரிபொருள் தாங்கி முன்சீற்றுகளின் கீழ் இருப்பதால் பின்சீற்றின் இருக்கையை மேலே மடக்கி நிறுத்தலாம். இந்த ஊருக்கு இதைவிடப் பயன்படும் வசதி இல்லை. ஐஸ் போட்ட மீன் பெட்டியை அங்கே, அடியில் உயர்விளிம்புத் தட்டு வைத்து நிறுத்துங்கள். டிக்கியில் வைக்க வேண்டாம்: அதன் தரைக்கு அடியில்தான் ஹைபிரிட் பற்றரியும் அதன் மின்பாகங்களும். உருகிய மீன் தண்ணீர் உப்பும் புலாலும் சேர்ந்தது. பற்றரி கேபின் காற்றால் குளிர்வதால், அது காற்று இழுக்கும் துவாரத்தைப் பையாலோ துவாயாலோ மூடவும் கூடாது.

நிலாவெளி மணல் சீற் தண்டவாளத்தில் புகுந்தால் சீற் கரகரக்கும். மணலை வாக்குவமால் இழுத்த பிறகே கிறீஸ். மணல்மேல் கிறீஸ் பூசினால் அது அரம்போலத் தேய்க்கும். கச்சான்கடலைக் கோதும் அதே இடத்தில்தான் ஒளியும். முன்சீற்றுக்கு உறை தைக்கும்போது, சீற்றின் பக்கவாட்டில் 'எயார்பேக்' என்ற துண்டு தைத்திருந்தால், விபத்தில் அந்தக் காற்றுப்பை விரிய உறையின் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கந்தளாய் தாண்டிக் கொழும்புக்கு நீண்ட ஓட்டமென்றால் 16 அங்குல ரயர் உள்ளதே உடம்புக்கு இதம். 18 அங்குலம் அழகு, குழி ஒவ்வொன்றையும் இடுப்புக்குச் சொல்லும். நிறுத்தியதும் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் பிரேக் ஹோல்ட் வேலை செய்யவில்லை என்று கராஜுக்குப் போகுமுன் சீற் பெல்ட் போட்டீர்களா பாருங்கள், சீற் பெல்ட் இல்லாமல் அது இயங்காது.

ஜப்பானிய ரேடியோ 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் அவர்களுடைய எஃப்எம் அலைவரிசைக்கானது. 100 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள நம்முடைய நிலையங்கள் பிடிக்காது. ஏரியல் வயரில் பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் பாண்ட் எக்ஸ்பாண்டர் கைகொடுக்கும், இரைச்சல் கொஞ்சம் வரும். 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினால் சில செட்டுகள் ஜப்பானிய மொழியில் பாஸ்வேர்ட் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அந்த எண் கையில் இல்லாவிட்டால், பற்றரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ட் பற்றரியைப் பக்கத்தில் இணைத்து, மின்சாரம் அறாமல் மாற்றச் சொல்லுங்கள்.