திருகோணமலைப் பழைய மண்டபத்தில் வீணைக் கச்சேரி: எந்த வரிசையில் இருந்து கேட்பது?

நகரத்துப் பழைய மண்டபம் வீணைக்கென்றே கட்டியது போன்றது. ஓட்டுக்கூரை, தடித்த காரைச் சுவர், இரு பக்கமும் உயரமான மரக்கதவுகள். மிகத் தாழ்ந்த ஒலி தரும் அனுமந்தரத் தந்தியை ஒருமுறை மீட்டினால், அதன் கார்வை, அதாவது நீளும் ஒலி, கூரைவரை ஏறி மெல்லத் தேய்வது தெளிவாகக் கேட்கும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையும் மெதுவான விளம்பகாலக் கிருதியும் கேட்க ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

தானம், அதாவது ராகத்தை அடுக்கடுக்கான மீட்டுகளால் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். மேடையிலிருந்து பின்சுவர் ஏறக்குறைய 22 மீற்றர். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் ஓடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்வரிசையில் இருப்பவருக்கு நேரே வந்த ஒலியைவிட 0.11 செக்கன் பிந்தி வந்து சேரும். வேகமான தானத்தில் செக்கனுக்கு எட்டு மீட்டு விழுந்தால் ஒரு மீட்டுக்கு 0.125 செக்கன்தான். ஆக, போன மீட்டின் எதிரொலி அடுத்த மீட்டின் தலையிலேயே விழுகிறது. முன்வரிசையில் தானம் குழைந்த சோறாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். வாசிப்பவரின் விரலில் குறையில்லை.

பின்சுவருக்கு நான்கு மீற்றர் முன்னால், நடுவில் இருந்து பாருங்கள். அங்கே எதிரொலி 0.03 செக்கனுக்குள் வந்துவிடும். காது இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். கதவோரக் கதிரைகள் வேண்டாம், ஓட்டோச் சத்தம் முழுவதும் அங்கேதான். ஏற்பாட்டாளர்கள் பின்சுவர் முழுவதும் தடித்த திரை தொங்கவிட்டால் முன்வரிசையும் தப்பும்.

ஒலிபெருக்கிதான் இங்கே பெரிய கேடு. கல்யாண வீட்டு அளவுக்குக் கூட்டிவைத்தால் மண்டபத்தின் கார்வை அத்தனையும் இரைச்சலாகிவிடும். வீணையின் உருண்டையான குடத்துக்கு ஓரடி தள்ளி ஒரு மைக் போதும். குடத்தில் ஒட்டும் மைக்கில் நாதத்தைவிடத் தந்தி அதன் கீழுள்ள உலோக மெட்டில் உரசும் சத்தமே முந்தி வரும். சுரத்தை அசைக்கும் கமகத்துக்குத் தந்தியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ‘கிரீச்’ என்று கேட்கும். மிருதங்கத்துக்கு மைக் வேண்டவே வேண்டாம்.

வாசிக்க வருபவர்கள் பருவத்தைப் பார்க்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் வறண்டு சுருங்குவதால் தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கும், சுருதி இறங்கும்; கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள் தடவினால் பிடிக்கும். மாரியில் அதே பிருடை ஊதி இறுகிவிடும். வலிந்து திருகினால் தந்தி அறும். மாரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓட்டில் மழை கொட்டினால் வீணை கேட்காது, அதற்கு மருந்தில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் வைக்காமலிருப்பது நல்லது.

வெக்கையில் அதிகம் கெடுவது மெழுகு. 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. மேடை விளக்கு நேரே விழுந்தால் மெழுகு இளகும். அழுத்தி இழுக்கும்போது மெட்டு மயிரிழை அசைந்தாலும் காந்தார சுரம் பிசகும். வீணையை ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்து, விளக்குப் போடாமல், உறையோடு மேடையில் வைத்துவிடுங்கள். மண்டபத்துச் சூட்டுக்கு மரம் பழகட்டும். பிறகு சுருதி சேருங்கள். முதன்மையான சாரணித் தந்தியை அன்றைக்கே மாற்றக் கூடாது, புதுத்தந்தி இழுபட்டுக்கொண்டேயிருக்கும். இரண்டு நாள் முந்தி மாற்றினால் நின்றுவிடும். கடற்காற்றில் உருக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மேடைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டால் போதும், காற்று தாராளமாக வரும். கதிரைகள் இரும்பு, நிலம் சீமெந்து. ஒருவர் எழுந்தால் மண்டபம் முழுவதும் கேட்கும். கால்களுக்கு இறப்பர் மூடி போடச் சொல்லிக் கேளுங்கள்; அது வரும்வரை, எழும்புகிறவர்கள் கதிரையைத் தூக்கி நகர்த்துங்கள்.