வெக்டார் பேக்ரவுண்ட் சந்தா: நாலு வருஷம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன் (வெள்ளக் கோடு புலம்பல் கொஞ்சம் நீளம்)

நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் போன் போட்டு "மச்சி, நீ வெக்டார் டவுன்லோட் பண்ற சைட்ல ஆஃபர் ஓடுது, வருஷ சந்தா கட்டலாமா"ன்னான். அவனுக்கு சொன்னதுதான் இது. வெக்டார்னா புள்ளி புள்ளியா இல்லாம கோடும் வளைவுமா வரையற படம். சைட் பேரு வேணாம், எங்க போனாலும் இதே கததான்.

நம்மளது சின்ன டிஜிட்டல் பிரிண்ட் கடை. அலை, லோ பாலி முக்கோணம், புள்ளி புள்ளியா ஹாஃப்டோன், இதெல்லாம் இல்லாம இப்ப மருந்துக்கடை கார்டு கூட முடியாது. "பின்னாடி வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அத போடுங்கண்ணே"ன்னுதான் வர்றவங்க கேக்கறாங்க.

என் வயித்தெரிச்சல் அந்த இபிஎஸ்தான், அந்த சைட்ல படம் வர்ற பழைய ஃபைல் வகை. தம்ப்நெயில்ல கண்ணாடி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்ச அலையா இருக்கும், நான் டிசைன் பண்ற கோரல் சாஃப்ட்வேர்ல இம்போர்ட் பண்ணா ஒரே அலை நானூறு துண்டு, துண்டும் துண்டும் சேர்ற எடத்துல எல்லாம் மயிரிழை மாதிரி வெள்ளக் கோடு. கோரல் மேல தப்பில்ல. இபிஎஸ்ஸுக்கு அடிப்படை 80கள்ல வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற பிரிண்ட் மொழி, அதுல டிரான்ஸ்பரன்சிங்கற கண்ணாடித்தன்மையே கெடையாது, அதனால படியுற எடத்த எல்லாம் வெட்டி தனித்தனி கலரா அடச்சு வச்சிருப்பாங்க, ஒரிஜினல் டிரான்ஸ்பரன்சி அதே ஃபைலுக்குள்ள அடோபி இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியற மாதிரி ஒளிஞ்சு கெடக்கும். பிடிஎஃப் 1.4ல 2001லயே இது சரியாயிடுச்சு, இந்த சைட்காரனுங்க இன்னும் இபிஎஸ்ஸ கட்டிட்டு அழறானுங்க.

கொடும என்னன்னா அந்தக் கோடு பெரும்பாலும் பிரிண்ட்ல வரவே வராது, ஸ்கிரீன்ல ஓரத்த மழுப்பறப்ப (ஆன்டி அலியாசிங்ம்பாங்க) வர்ற கோளாறு அது. ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி காட்டற ப்ரூஃப் வாட்ஸ்அப்ல ஜேபெக்கா போகுதே! "அண்ணே, கிழிஞ்ச மாதிரி இருக்கே"ன்னு கஸ்டமர் கேட்டா போஸ்ட்ஸ்கிரிப்ட் வரலாறா சொல்ல முடியும்? ஆன்டி அலியாசிங் ஆஃப் பண்ணி நாலு மடங்கு பெருசா எக்ஸ்போர்ட் எடுத்து அப்புறம் சுருக்கி அனுப்பறேன், கோடு போயிடும், இத கண்டுபுடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. ஸ்டிக்கர் கட்டிங்குக்கு அதையே கொடுத்தா இன்னும் மோசம், பிளேடு ஒவ்வொரு துண்டையும் சுத்தி சுத்தி வெட்டி வினைல் சல்லி சல்லியாயிடும்.

நல்லதையும் சொல்லணும்ல. 3.5க்கு 2 இன்ச் கார்டுல போட்ட அலைய அப்படியே 20 அடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தேன், ஓரம் பிளேடு மாதிரி நின்னுச்சு, போட்டோவா இருந்தா கட்டம் கட்டமா போயிருக்கும். முதல் மாசம் எடுத்த ஒரு ஃபைல், ஆறே நோடுல (வளைவ புடிச்சு நிறுத்தற புள்ளி) ஒரு வளைவு, கலர் மெல்ல மாறுற கிரேடியன்ட் கூட கெடையாது, நாலு வருஷமா அத திருப்பிப் போட்டு கலர் மாத்தியே பாதி கடைவீதி கார்டு அடிச்சிட்டேன்.

மச்சிகிட்ட எடுக்காதன்னுதான் சொன்னேன். என்னோடது அடுத்த மாசம் முடியுது, ஆஃபர்லயே ரினியூ பண்ணிட்டேன், அவனுக்கு இன்னும் சொல்லல. அப்படியும் எடுப்பேன்னா எஸ்விஜி (டிரான்ஸ்பரன்சிய அப்படியே வச்சிருக்கற வெக்டார் ஃபைல்) கூட வர்ற ஃபைலா பாத்து எடுடா, அந்த மின்னுற நீலத்த மட்டும் நம்பாத, பிரிண்ட்டுக்கான நாலு மை கலர், சிஎம்ஒய்கேக்கு மாத்துனா அழுக்குத் துணி கலர்லதான் வரும்.