இரைச்சல் போனது, எர்த்தும் போனது

ஆயுத பூஜைக்கு முதல் நாள். தையல் மெஷின், மிக்ஸி, என் பைக் என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா கடைசியாக ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு வந்தார். மொசைக் தரையைக் கழுவிவிட்ட ஈரம் அப்போது காயவில்லை. கையில் ஈரத்துணி வேறு. உள்ளே இருந்த எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "டேய், உன் பெட்டி கடிக்குதுடா!"

ஆம்ப் ஸ்டேண்ட்பையில்தான் இருந்தது. புறங்கையால் பின்பக்கத் தகட்டின் ஸ்குருவைத் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல விறுவிறு என்று ஏறியது. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்கு ஆள் வரவழைத்து ஆடியோ 'செட்டப்' செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆம்ப், ஸ்பீக்கர், டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் டிஏசி எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம். ஏழெட்டு வருடச் சேமிப்பு. பிப்ரவரியில் மாட்டி முடித்ததும் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது, இடைவெளியில் தெரியும். ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதுமட்டும்தான் கேட்கும். ஹை-எண்ட் செட்டப் நிபுணர் என்று ஒருவரைச் சிலர் சொன்னார்கள். திருச்சிக்கு வந்து போகும் செலவோடு 12,000 ரூபாய் கேட்டார். சரி என்றேன்.

குறை சொல்லக்கூடாது, ஸ்பீக்கர் வைத்த விதம் நன்றாகத்தான் இருந்தது. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, நான் உட்காரும் நாற்காலியை நோக்கிக் கொஞ்சம் திருப்பி, டேப் பிடித்து அளந்து வைத்தார். பாடகர் குரல் நட்ட நடுவில் வந்து நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த நம்பிக்கைதான் என் தப்பு. அடுத்து இரைச்சலுக்கு வந்தார். "உங்க வீட்டு கரண்ட் அழுக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பாம்பு மாதிரி தடியாக, துணியுறை போட்ட ஒரு பவர் கேபிளை எடுத்து மாட்டினார். இரைச்சல் பட்டென்று நின்றது. விலை 34,000. இருநூறு மணி நேரம் ஓடினால் சவுண்ட் இன்னும் திறந்துகொள்ளும் என்றார். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்த இடத்துக்கு வருகிறேன். டெஸ்டரை ஸ்குருவில் வைத்தார், எரிந்தது. மல்ட்டிமீட்டரில் ஆம்ப் தகட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 108 வோல்ட். சுவர் சாக்கெட்டில் எர்த் சரியாக இருந்தது. "கேபிளைக் கழட்டு தம்பி" என்று வாங்கி, பிளக்கைத் திறந்து காட்டினார். பேஸ், நியூட்ரல் இரண்டும் ஸ்குருவில் அழகாக முறுக்கியிருந்தன. பச்சைக் கம்பியை ஒட்ட வெட்டி, நுனியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி மடித்துச் செருகியிருந்தது. பெரிய பித்தளைப் பின் பளபளவென்று நின்றது, அதில் கம்பியே இல்லை. பின் மூன்று, கம்பி இரண்டு.

நடந்தது இதுதான். என் செட்டாப் பாக்ஸில் கேபிள் டிவி ஒயர் வந்து சேர்கிறது. அந்த ஒயருக்குள் சுற்றியிருக்கும் உலோக வலை வெளியே எங்கோ எர்த் ஆகியிருந்தது. ஆம்ப்புக்குத் தன் மூன்று பின் வழியாக வீட்டு எர்த். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்பையும் இணைக்கும் ஆடியோ ஒயர் இரண்டு எர்த்துக்கும் நடுவே பாலம் போட்டுவிட, அந்த வளையத்தில் ஓடிய மின்சாரம்தான் இரைச்சலாகக் கேட்டது. கிரவுண்ட் லூப் என்பார்கள். கரண்ட் அழுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நிபுணர் எர்த்தை வெட்டினார், வளையம் அறுந்தது, இரைச்சல் நின்றது. அதே வேலையை ஒரு கட்டிங் பிளேயரே செய்திருக்கும்.

அப்படியானால் ஏழு மாதமாக ஏன் ஷாக் அடிக்கவில்லை? அந்த கேபிள் டிவி ஒயர்தான் எங்களுக்கே தெரியாமல் எர்த்தாக இருந்திருக்கிறது. செப்டம்பரில் ஃபைபர் வாங்கிவிட்டு கேபிள் இணைப்பைக் கழற்றினோம். அன்றோடு ஆம்ப்புக்கு இருந்த கடைசி எர்த்தும் போனது. இந்த மாதிரிக் கருவிகளில் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குச் சின்னக் கண்டென்சர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லையென்றால் தகடு 230 வோல்ட்டில் சுமார் பாதியில் மிதக்கும். அதில் கசியும் மின்சாரம் மிகக் குறைவு. அதனால்தான் அம்மாவுக்கு வெறும் 'கடி'. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கரண்ட்டை நிறுத்தவேண்டிய ஆர்சிசிபி சுவிட்சும் அசையவில்லை. இதுவே உள்ளே ஒரு பேஸ் கம்பி தகட்டில் பட்டிருந்தால்? எர்த் இருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழும். இல்லையென்றால் யாராவது வந்து தொடும்வரை காத்திருக்கும். எங்கள் வீட்டில் அது ஈரத்துணியோடு வந்த அம்மாவாக இருந்திருப்பார்.

பெட்டியிலேயே கூட வந்த பழைய கேபிளை மாட்டிப் பார்த்தோம். ஷாக் இல்லை, இரைச்சலும் இல்லை! கேபிள் டிவி ஒயர் போனபோதே இரைச்சலும் போயிருக்கிறது. அன்றைக்கு அந்த நிபுணர் செட்டாப் பாக்ஸில் இருந்து அந்த ஒயரை ஒரு நிமிடம் உருவிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். கேபிள் டிவி வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த ஒயரில் மாட்டி எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கிற ஐசொலேட்டர் கிடைக்கிறது, இந்தக் கேபிள் விலையில் ஒரு மூலைக்கும் வராது.

வீட்டில் புது பவர் கேபிள் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, பிளக்கின் பெரிய பின்னுக்கும் மறுமுனையின் நடு ஓட்டைக்கும் மல்ட்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் வரவேண்டும். சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை சும்மா ஓட்டைதான். சில ஆம்ப் கம்பெனியிலிருந்தே இரண்டு பின்னோடு வரும். பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரம் முத்திரை இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், பயப்பட வேண்டாம். மூன்று பின்னோடு வந்ததை யாரும் இரண்டாக்கத்தான் கூடாது.

அந்த நிபுணருக்குப் போன் செய்தேன். "ஹை-எண்ட்ல எல்லாரும் இப்படித்தான் சார் பண்ணுவாங்க, எர்த்ல வர்ற நாய்ஸ் சவுண்டைக் கெடுக்கும்" என்றார். அம்மாவுக்கு ஷாக் அடித்ததைச் சொன்னேன். "ஈரக் கையோட யார் சார் ஆம்ப்பைத் தொடச் சொன்னது?" நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்று எடுத்தால், கையில் இருப்பது கடைப் பெயர் கூட இல்லாத அந்தத் துண்டுச் சீட்டு.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கேபிள் பிடிக்கவில்லையென்றால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். 17,000 ரூபாய், சபலம் வராமல் இல்லை. ஆனால் அது இன்னொரு வீட்டு ஈரத் தரைக்குத்தான் போகும். அண்ணனிடம் கட்டிங் பிளேயர் வாங்கிக் கேபிளை நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.