கூப்பிட்டால் வரும் வேனா, நேரத்துக்கு வரும் வேனா?

காலையில் டவுனுக்குப் போவது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் பெரிய காரியம் இல்லை. வேலைக்குப் போகிறவர் காரில் ஓர் இடம் இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர் ஏற்றிக்கொள்வார். அதுவும் இல்லையென்றால் யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்துவிடலாம். ஏழு மணிக்கு எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகிறது. வம்பு பன்னிரண்டு மணிக்குத்தான். கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும் பாட்டியைக் காலையில் ஏற்றிவந்த பையன், மாலை ஆறு மணி வரை ஃபேக்டரியில் இருப்பான்.

“போறதுக்கு ஆயிரம் வழி இருக்கு கிராணியாரே, வர்றதுக்குத்தான் ஒன்னும் இல்ல” என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. முப்பது வருஷம் தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவன் நான். அவர் சொன்னதன் கனம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து எங்கள் செம்பனைத் தோட்டம் பதினொரு கிலோமீட்டர் உள்ளே. டவுனைத் தொட்டுவிட்டால் கவலை இல்லை. 1-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஊரின் நடுவே போகிறது, ஈப்போ பக்கம் பஸ் உண்டு, ஸ்டேஷனில் இடிஎஸ் மின்சார ரயிலும் நிற்கிறது. பாக்கி இருப்பது அந்தப் பதினொரு கிலோமீட்டர். பாதி தார், பாதி செம்மண். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தோட்ட வேலையில் இப்போது வெளிநாட்டுத் தம்பிகள்தான் அதிகம். நம் இளசுகள் ஃபேக்டரிக்கும் ஈப்போவுக்கும் போய்விட, பகலில் லயத்து வரிசை வீடுகளிலும் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலும் மிஞ்சுவது வயசானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்.

கோயில் கமிட்டியிலிருந்து ஆறு பேர் சேர்ந்து ஒரு வேன் ஏற்பாடு செய்தோம். முதல் மூன்று மாதம் கூப்பிட்டால் வரும் முறையில் ஓட்டினோம். அப்புறம் நேர அட்டவணைக்கு மாறி ஏழு மாதம் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இப்போது எது நல்லது என்று கேட்கிறார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரத்துக்கு வரும் வேன்.

பெரிய பஸ்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2015-இல் மைபாஸ் என்று தொடங்கி இன்று பாஸ்.மை என்று ஓடும் அரசாங்கத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது நகரத்தையும் நகரத்தை ஒட்டிய பெரிய சாலைகளையும் பார்த்துப் போட்டது. எங்கள் ரோடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், நடுவில் கேட்டு, அதற்கு ஜாகா (காவலாளி). நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸை அதற்குள் கொண்டுவந்து நாலு பேரோடு திருப்பி அனுப்புவதில் அர்த்தம் இல்லை. உங்கள் பக்கம் மூன்று நாலு தாமான்கள் தார் ரோட்டில் வரிசையாக இருந்தால் கதை வேறு. அப்போது பஸ்ஸையே கேளுங்கள், வேன் வேண்டாம்.

கூப்பிட்டால் வரும் வேன் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு என் மகள் காரணம். அவள் இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில். ரேபிட் கேஎல் ஆன்-டிமாண்ட் வேனில் ஒரு தடவை என்னை ஏற்றிவிட்டாள். கைப்பேசியில் அழுத்தினாள், வேன் வந்தது, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) பிடித்தார்கள், ரயில் ஸ்டேஷனில் இறங்கினேன். இதைத்தான் நம் ஊரிலும் செய்ய வேண்டும் என்று கமிட்டியில் நான்தான் குதித்தேன். அங்கே ஸ்டேஷனைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள், ஓடுவதும் பல வண்டிகள் என்பதை நான் யோசிக்கவில்லை.

இங்கே ஒரே வேன். போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து, ஏற்றி இறக்கப் பத்து. ஆக ஒரு நடைக்கு ஒரு மணி நேரம். காலையில் சமாளித்தோம். பதினொன்றரைக்கு முதல் ஆள் கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார், வேன் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பும். பாதி வழியில் இரண்டாவது ஆள் கூப்பிடுவார். அவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று ஓட்டுநருக்கே தெரியாது. “இதோ ஜங்ஷன் தாண்டிட்டேன்” என்பார். எந்த ஜங்ஷன் என்று யாரும் கேட்கவில்லை. செம்பனைக்குள் நுழைந்தால் லைனும் போய்விடும், கூப்பிட்டவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அந்த மூன்று மாதமும் யார் எத்தனை மணிக்கு, எப்படித் திரும்பினார்கள் என்று 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தேன். பழக்க தோஷம். அதைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரிந்தது. ஆளாளுக்குக் கூப்பிட்டது வெவ்வேறு நேரம் என்றாலும் எல்லோருக்கும் வீடு திரும்ப வேண்டியிருந்தது பதினொன்றரைக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில். சும்மா 12.45 என்று ஒரு நேரம் வைத்திருந்தால் எல்லோரும் ஒரே நடையில் வந்திருக்கலாம். முதல் ஆள் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார், உண்மைதான். ஆனால் எத்தனை மணிக்கு வண்டி என்று தெரிந்தவர் சாப்பாட்டுக் கடையில் உட்காருவார், மளிகை வாங்குவார், பேங்குக்குப் போய் வருவார். தெரியாதவர் கிளினிக் வாசலில் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பார். இரண்டும் ஒரே காத்திருப்பு இல்லை.

எண்ணெய்க் கணக்கும் இங்கேதான் மாறுகிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லித்தான் நாங்கள் கைநீட்டிப் பணம் வசூலித்தோம், அதனால் இதைப் போட்டுப் பார்க்க வேண்டிய கடமையும் இருந்தது. போய்வர 22 கிலோமீட்டர். எங்கள் பழைய டீசல் வேன் லிட்டருக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது, ஆக ஒரு நடைக்கு 2.2 லிட்டர். 2024 ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியபோது, உரிமம் பெற்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஃப்ளீட் கார்டு என்ற மானிய அட்டையில் 1.88 என்று வைத்தார்கள். அந்த விலையில், கார்டு இருந்தால் நடைக்கு 4.14 வெள்ளி, இல்லையென்றால் 7.37. இதே தூரத்தை ஒரு சின்ன கப்சாய் மோட்டார் அரை லிட்டருக்கும் குறைவான பெட்ரோலில் ஓடிவிடும். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரிவளி, பெட்ரோலுக்கு 2.3. கூட்டிக் கழித்தால், ஆறு பேருக்குக் குறைவாக ஏற்றிப் போகும் எங்கள் வேன், அத்தனை பேரும் ஆளுக்கொரு மோட்டாரில் போவதைவிட அதிகம் புகை விடுகிறது. இதைக் கமிட்டியில் படித்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அதற்காக மோட்டாரே போதும் என்று சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து, கால் தள்ளாட வெளியே வருகிறவரை மோட்டார் பின்னால் உட்கார வைக்கவும் முடியாது. ஆக வேன் வேண்டும், அதுவும் நிறைந்த வேன் வேண்டும். ஒருவர் ஒருவராகக் கூப்பிடும் முறையில் எங்கள் வேன் நிறையவே இல்லை. பெயர்தான் வேன், ஓடியது டாக்சியாக.

மாறியபோது வைத்தது நாள் ஒன்றுக்கு ஐந்து நடை. தோட்டத்திலிருந்து 6.15, 8.30, 11.45, 2.45, 4.30, டவுனிலிருந்து 7.00, 9.30, 12.45, 3.30, 5.30. கோயில் வாசலில் ஒரு பலகை, டவுனில் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒரு பலகை. ஆளுக்கு 2 வெள்ளி, பள்ளிப் பிள்ளைக்கு 1. நடக்க முடியாதவர் முந்தின நாள் ராத்திரி சொல்லிவைத்தால் வேன் லயத்து வாசல் வரை போகும். கூப்பிடும் முறையில் நாங்கள் விட்டுவைத்தது அது ஒன்றைத்தான்.

சண்டை வந்தது 5.30-க்கு. முதல் மாதம் பாதி நாள் அந்த வேன் காலியாகத்தான் திரும்பியது. மேலே போட்ட புகைக் கணக்கை வைத்தே என்னை மடக்கினார்கள். ஆள் இல்லாத நடையை எடுத்துவிடு, எண்ணெய் மிச்சம், அண்ணன் சொன்ன கணக்குதானே என்றார்கள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: 8.30-க்கு ஏறுகிற அக்கா 12.45-இல் திரும்பலாம் என்றுதான் போகிறார். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் கூடி அது தவறினால், அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று ஏறும்போதே ஒரு கணக்குப் போடுகிறார். கடைசியில் ஒரு வண்டி கட்டாயம் உண்டு என்றால் ஏறுவார். இல்லையென்றால் மருமகன் லீவு போடும் நாள் வரை தள்ளிப்போடுவார். கடைசி வண்டியில் ஏறாதவர்களும் அதை நம்பித்தான் காலை வண்டியில் ஏறுகிறார்கள். 5.30-ஐ எடுத்தால் 8.30 இளைக்கும். ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். மூன்றாவது மாதம் 8.30-இல் சராசரியாக ஒன்பது பேர் என்று என் புத்தகம் சொல்லியது. 5.30 இன்றும் இரண்டு மூன்று பேரோடுதான் வருகிறது. அதை எடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. வேன்காரருக்கு நாங்கள் கொடுப்பது தலைக்கு இவ்வளவு என்று இல்லை, நடைக்கு இவ்வளவு. தலைக்கணக்கில் விட்டால் அவர் ஆள் சேரும் வரை நிற்பார், பலகையில் எழுதிய நேரம் பொய்யாகிவிடும். அரசாங்கத் திட்டத்திலும் பஸ் கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் போவது இதற்காகத்தான். காலி நடையின் நஷ்டத்தை ஈடுகட்ட வீட்டுக்கு மாதம் 10 வெள்ளி வசூலிக்கிறோம். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்களின் பேரப் பிள்ளைகள்தான் நாங்கள். ஆனாலும் வசூலுக்குப் போனால் நாலு வீட்டில் ஒன்றில் கதவு தட்டத் தட்டத் திறக்காது.

உரிமம் விஷயத்தில் மட்டும் குறுக்குவழி வேண்டாம். 2010-ஆம் ஆண்டு நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் காசு வாங்கி ஆள் ஏற்றும் வண்டிக்கு உரிமம் வேண்டும், தவிர ஓட்டுகிறவருக்கு பிஎஸ்வி என்ற பயணிகள் வண்டி ஓட்டும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் சாப்பு கார் பழக்கத்தில் ஒரு சொந்தக்காரப் பையனின் வேனை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். நாங்கள் வேன் வாங்காமல் உரிமம் உள்ளவரிடம் வாடகைக்குப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம். கியர்பாக்ஸ் போனால் அது அவர் தலைவலி என்பது இன்னொரு காரணம்.

மின்சார வேனைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் ஓட்டிப் பார்த்தது இல்லை, அதனால் தாளில் போட்ட கணக்கைத்தான் சொல்ல முடியும். ஐந்து நடைக்கு ஒரு நாளில் 110 கிலோமீட்டர், இரவெல்லாம் சும்மா நிற்கிறது. அட்டவணை வேனுக்கு அது பொருந்தும் போலத்தான் இருக்கிறது. நாளைக்கு எவ்வளவு ஓடும் என்றே தெரியாத கூப்பிடும் வேனுக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனால் லயத்து வயரில் சார்ஜ் போட நான் துணிய மாட்டேன். மழை மாதத்துச் செம்மண் ரோட்டில் அது எப்படிப் போகும், ஏழெட்டு வருஷம் கழித்து பேட்டரிக்கு யார் பணம் கட்டுவது என்பதையெல்லாம் வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சக்கர நாற்காலி ஏற்றும் வசதியும் எங்கள் வேனில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால் என் ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்குகிறவர்கள் வேன் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு 555 புத்தகத்தில் திரும்பும் நேரத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். போகும் நேரம் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த மாதம் முதல் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் ராத்திரி 9.30-க்கு டவுனிலிருந்து ஒரு நடை வைத்துப் பார்க்கப் போகிறோம். கமிட்டியில் இரண்டு பேருக்கு இஷ்டமில்லை. ஓட்டுநருக்கும் இஷ்டமில்லை, ஆனால் அவர் வீட்டு அம்மா ஏற்கனவே இடம் சொல்லி வைத்துவிட்டார்.