பிளாஸ்மா ஸ்ப்ரே பூச்சு: இரண்டு முறை அனுப்பிப் பார்த்ததில்

எங்கள் ஆய்வுக்கு டைட்டானியத் தட்டுகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு தேவைப்பட்டது. எலும்பில் இருக்கும் கனிமத்துக்கு மிக நெருக்கமானது இது. சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுத் தண்டுகளில் 1980-களின் நடுவிலிருந்தே பூசுகிறார்கள். எலும்பு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். இதன் பொடியைப் பிளாஸ்மா சுடரில் உருக்கி வீசிப் பூசித் தரும் கூடம் ஒன்றுக்கு 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 12 தட்டுகள் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் மனசு நிறைந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளபளப்பில்லாத வெள்ளை, விளிம்பு வரை ஒரே சீர். நகத்தால் கீறினேன், பொடி உதிரவில்லை.

அப்புறம் இழுவைச் சோதனை. பூச்சின்மேல் பசையால் ஓர் உருளையை ஒட்டி எதிரெதிரே இழுப்போம். இந்தப் பூச்சுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13779 கேட்பது குறைந்தது 15 மெகாபாஸ்கல் பிடிப்பு வலிமை. ஐந்து தட்டுகளில் மூன்று 11-ஐத் தாண்டவில்லை. பிய்ந்த தட்டைக் கையில் எடுத்தால் பூச்சு முழுசாக உருளையோடு போயிருந்தது, தட்டில் வெறும் சாம்பல் நிற உலோகம். பூச்சே நடுவில் உடைந்திருந்தால் இரண்டு பக்கமும் வெள்ளை ஒட்டியிருக்கும். உலோகத்தைப் பூச்சு பிடிக்கவே இல்லை. ஒருவர் உடம்புக்குள் இப்படி உரிந்தால் என்னாவது என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னொரு குறை, வந்த சான்றிதழ் பொடிக்கானது. பொடி சுத்தமாக இருந்து என்ன பயன்? பிளாஸ்மா சுடர் 10,000 டிகிரியைத் தாண்டும். அதில் உருகிப் பறக்கும் துகள் தட்டில் மோதிச் சட்டென்று உறைகிறது. கொஞ்சம் படிகமாகாமலே நின்றுவிடும், கொஞ்சம் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டாக மாறிவிடும். இரண்டும் உடல் திரவத்தில் சீக்கிரம் கரையும். ஆகவே படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் எடுக்க வேண்டியது பூசி முடித்த தட்டில்தான்.

போன் செய்தேன். சாக்குப்போக்குச் சொல்லாமல் பிய்ந்த தட்டையே அனுப்பச் சொன்னார்கள். பூசுவதற்கு முன் உலோகத்தைச் சொரசொரப்பாக்க வீசும் துகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் அதன் முனை மழுங்கியிருந்ததாம். புதுத் துகள் போட்டு 12 தட்டுகளையும் இலவசமாகப் பூசித் தந்தார்கள். இந்த முறை மிகக் குறைந்த அளவே 19. பூசிய தட்டின் எக்ஸ்-ரே வரைபடமும் கூடவே வந்தது, கூர்மையான முகடுகளோடு; பூச்சு நன்றாகப் படிகமாகியிருக்கிறது என்று அர்த்தம்.

தடிமன் மட்டும் இன்னும் சரியாகவில்லை. 80 மைக்ரான் கேட்டால் சில தட்டுகளில் 100 வருகிறது.

அடுத்த 30 தட்டுகளும் அங்கேதான் போகின்றன. ஆர்டரில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஒவ்வொரு தொகுதியோடும் பிய்த்துப் பார்க்க ஐந்து தட்டுகள் அதிகம் பூச வேண்டும்.